முசே இருமினார், ஊர் கும்பிட்டது

புதுச்சேரி குருசுக்குப்பத்து அங்கம்மாள் இருபத்திரண்டு வருஷம் மீன் விற்றவர். அத்தனை வருஷத்தில் கெட்டுப்போன மீன் ஒன்றைக்கூட அவர் யார் தலையிலும் கட்டியதில்லை. இதை ஊரில் வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவரே சொல்லிக்கொள்வார், ஒரு நாளைக்கு நாலு தடவை. ஆனால் மறுத்தவரும் கிடையாது. மறுத்தால் கூடையை இறக்கி வைப்பார், செவுளைப் பிளந்து முகத்துக்கு நேரே காட்டுவார், "பாரு, செம்பருத்தி மாரி இல்ல?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மீனையும் வாங்கிக்கொண்டுதான் நகர வேண்டும்.

இப்படிப்பட்டவர் வீட்டில் இரண்டு மலைப்பாம்புகள் இருந்தன. ஆணுக்கு முசே என்று பெயர், பெண்ணுக்கு மதாம். பிரெஞ்சுத் துரைகளையும் துரைசானிகளையும் இந்த ஊர் கூப்பிட்டு வந்த மரியாதைச் சொற்கள் அவை. துரைகள் கப்பலேறிய பிறகு அந்தச் சொற்கள் வேலையில்லாமல் கிடந்தன. அங்கம்மாள் வேலை கொடுத்தார்.

1954 நவம்பரில் கொடி மாறியது. டிசம்பரில், அவர் வாடிக்கையாக மீன் கொடுத்துவந்த கடற்கரை வீட்டுத் துரை மூட்டை கட்டினார். நாற்காலி போயிற்று, நிலைக்கண்ணாடி போயிற்று, உடைந்த குடைக்குக்கூட ஆள் வந்தது. பின்கட்டில் துரை ஆசையாக வளர்த்த பாம்பு ஜோடிக்கு மட்டும் யாரும் வரவில்லை. அன்றைக்கு மீன் கொண்டுபோன அங்கம்மாள் பார்த்தது, இரும்புக் கம்பியோடு நின்ற குசினிக்காரரை, துரையின் சமையல்காரரை.

"ந்தா, கம்பியக் கீழ போடு. என்னா பண்ணப் போற?"

"அடிச்சுப் பொதைக்கத்தான். வேற என்னா பண்றது?"

"உசுரோட இருக்கிற சரக்க எவனாச்சும் பொதைப்பானா? இப்டிக் குடு."

துரை வீட்டுக்குப் பியானோ வந்து இறங்கிய பெரிய மரப்பெட்டியில் இரண்டும் குருசுக்குப்பம் வந்து சேர்ந்தன. முத்திரை குத்திய காகிதம் ஏதும் இல்லை. அதில் குறை சொல்ல முடியாது; ஊரையே அப்படித்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊருக்குப் பாரீஸ் முத்திரை குத்த இன்னும் எட்டு வருஷம் ஆயிற்று. பாம்புகளுக்கு இன்றுவரை குத்தவில்லை.

அங்கம்மாளின் கணவர் மண்ணாங்கட்டி கட்டுமரக்காரர். கடலில் எத்தனையோ காற்றுமழையைப் பார்த்தவர், ஆதலால் வீட்டில் அதிகம் பேசமாட்டார். பெட்டியைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். "எவ்ளோ திங்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒன்னவிடக் கம்மி" என்றார் அங்கம்மாள். பேச்சு அதோடு முடிந்தது.

உண்மையும் அதுதான். பதினைந்து நாளைக்கு ஒரு கோழி, இல்லையென்றால் நாலு எலி. ஆனால் முதல் வருஷம் மார்கழி பிறந்ததும் முசே கோழியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். தையில் மதாமும் அப்படியே. அங்கம்மாள் பதறிப்போனார். பங்குனி கழிந்து இரண்டும் ஒன்றும் நடக்காததுபோல் கோழி கேட்டபோதுதான் அவருக்கு விளங்கிற்று: இது இணை சேரும் காலத்துப் பட்டினி. அடுத்த வருஷமும் அதே மாதம், அதே பட்டினி. அங்கம்மாள் இதைச் சட்டமாகவே வைத்துக்கொண்டார். தையில் தின்னாவிட்டால் காதல். பங்குனிக்குப் பிறகு தின்னாவிட்டால் கவலைப்படலாம். மீன்கடைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் தத்தம் புருஷன்மாரை நினைத்துச் சிரித்தார்கள்.

சட்டம் சரியானதுதான். ஆனால் சட்டத்துக்குப் பின்னால் எது வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம் என்பது மூன்றாம் வருஷம் தெரிந்தது.

இங்கே பாவாடை வருகிறார். அதே தெருக்காரர், உத்தியோகத்தில் பிளாந்தோன்: அதாவது பெரிய ஆபீஸ் ஒன்றின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் உள்ளே போகலாம், யார் போகக்கூடாது என்று தீர்மானிப்பவர். புதிதாக வந்த அதிகாரி தன் ஊரிலிருந்தே ஒரு ஆளைக் கூட்டிவந்துவிட்டார். பாவாடைக்குச் சம்பளம் நிற்கவில்லை, வாசல்தான் போய்விட்டது. வாசல் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. 1956 மார்கழி முதல் வெள்ளிக்கிழமை, அங்கம்மாள் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, பியானோப் பெட்டியின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

வரிசை தானாக வந்தது. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் இந்த ஊரில் வரிசை வந்துவிடும். பெண்கள் பால் கொண்டுவந்தார்கள், மஞ்சள் கொண்டுவந்தார்கள். "தம்பதி சமேதரா இருக்காங்க, மூணு சுத்து சுத்துங்க" என்றார் பாவாடை. பெட்டிக்கு மூடியாக இருந்த கம்பிவலை வழியாகப் பால் உள்ளே போயிற்று. பாம்பு பால் குடிக்காது என்று அங்கம்மாள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "அவங்க குடிக்கிறதில்லக்கா, ஏத்துக்கிறாங்க" என்றார் பாவாடை. ஏற்றுக்கொண்டது பெட்டியின் அடியில் கிடந்த வைக்கோல்.

அந்த மார்கழியில் பனியும் அதிகம். தினமும் பால், தினமும் மஞ்சள் தண்ணீர், மேலே கடல் காற்று. அங்கம்மாள் விடியுமுன் கூடையோடு கிளம்பி, பொழுது சாயும்போது திரும்புவார். பெட்டியில் ஏதோ புளித்த வாடை அடித்தது. நாள் முழுக்க மீனோடு இருந்துவிட்டு வருகிற மூக்குக்கு அது பெரிதாகப் படவில்லை. முசே தின்னவில்லை, அது சட்டப்படி. முசே மெலிந்தார், காதல் என்றால் அப்படித்தான்.

முசே இன்னொன்றும் செய்ய ஆரம்பித்தார். பெட்டியின் மூலையில் சுருண்டபடி, தலையை மட்டும் நேர் மேலே தூக்கி வலையில் சாய்த்துக்கொண்டு மணிக்கணக்காக நின்றார். பாவாடை உருகிவிட்டார். "பாருங்க, வானத்தப் பாத்துத் தவம் பண்றாரு!" கூட்டம் இரட்டிப்பாயிற்று. வலையில் நூல் நூலாக ஒட்டியிருந்த எச்சிலைத் தொட்டுப் பெண்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை முசேவுக்கும் மதாமுக்கும் திருக்கல்யாணம் என்று பாவாடை அறிவித்தார். நூற்றெட்டு சொம்புப் பால்.

காணும் பொங்கலன்று மீன் மார்க்கெட் இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு அங்கம்மாள் பகல் வெளிச்சத்தில் தன் பாம்புகளைப் பார்த்தார். கூட்டம் ஆற்றங்கரைக்குப் போயிருந்ததால் பெட்டியருகே யாரும் இல்லை. அந்த அமைதியில்தான் அது காதில் விழுந்தது. 'டிக்.' சற்று நேரம் கழித்து, 'டிக்.' சோற்று உலை அடங்கும்போது கடைசிக் குமிழி உடைகிற மாதிரி. முசேவின் மூக்கிலிருந்து வந்தது.

"யோவ்! இங்க வா!"

மண்ணாங்கட்டி வந்தார்.

"இது என்னா சத்தம்?"

"மூச்சு" என்றார்.

"மதாம் மூச்சு வுடல? அது ஏன் கேக்கல?"

பதிலுக்கு அங்கம்மாள் காத்திருக்கவில்லை. வலையைத் திறந்து முதலில் மதாமைத் தூக்கினார். ஒன்பதடி, கனம் கனமாகவே இருந்தது. பட்டினி கிடக்கிற உடம்பா இது? தோல் விறைத்து மின்னியது, நாக்கு சரக் சரக்கென்று வெளியே வந்து யார் தொடுவது என்று விசாரித்தது. பிறகு முசே. முதுகெலும்பு வரிசையாகக் கையில் தட்டுப்பட்டது. பக்கத்துத் தோல் தளர்ந்து மடிந்தது. நாக்கு வந்தது, ஏதோ மறந்துபோனதுபோல் பாதியில் நின்றது.

பிறகு அவர் செய்தது அவருக்கு மட்டும் தோன்றக்கூடியது. இருபத்திரண்டு வருஷமாக மீனுக்குச் செய்ததை அப்படியே செய்தார். தாடையின் இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் அழுத்தினார், அகப்பைக் காம்பை நுழைத்தார், வாயைப் பிளந்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

மதாமின் வாயையும் அப்படியே திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மதாமுக்கு உள்ளே தோலுரித்த கோழிபோல வெளுப்பு, ஈரம் ஒரு சொட்டு இல்லை. முசேவுக்கு ஓரமெல்லாம் சிவந்து, சோற்றுக்கஞ்சி ஆடைபோல ஏதோ படிந்து, ஒரு நூல் மேலண்ணத்திலிருந்து கீழே நீண்டது.

"மீனுக்குச் செவப்பா இருக்கணும். இதுக்கு வெள்ளையா இருக்கணும்" என்றார் அங்கம்மாள் மெல்ல. "தவம் பண்ணலய்யா இது. படுத்தா மூச்சு முட்டுது, அதான் தலையத் தூக்கிக்கினு நிக்குது. சளி. உள்ளுக்குள்ள நெறைஞ்சி கெடக்கு." ஒரு கை வைக்கோலை எடுத்துப் பிழிந்தார். பால் சொட்டியது. "என் வாசல்ல, என் பெட்டிக்குள்ள ஒரு உசுரு கெட்டுப்போவுது. நான் ஊருக்கெல்லாம் செவுளத் தொறந்து காட்டிக்கினு திரியறேன்!"

மாட்டு வைத்தியரிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். எத்தனை படி கறக்கும் என்று பதில் வந்தது. இனி யாரையும் கேட்பதில்லை என்று முடிவாயிற்று. கெட்டுப்போகிற மீனை எது காப்பாற்றும்? காயவைப்பதுதான். வெயில், உப்பு, வறண்ட காற்று. ஆனால் தை மாதத்து வெயில் பதினொரு மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போய்விடும். மற்ற நேரமெல்லாம் பனி. புதுச்சேரியில் நாள் முழுக்க அணையாத சூடு ஒரே இடத்தில்தான் உண்டு: ரொட்டி சுடுகிற இடத்தில்.

ராஜாங்கத்தின் ரொட்டிக்கடைக்கு அன்றைக்கே போனார். ராஜாங்கம் மாவு படிந்த மீசையோடு கேட்டார்.

"என்னாது? பாம்பா? என் கடையிலியா? அக்கா, பொங்கலுக்கு ஏதாச்சும் குடிச்சியா?"

"அடுப்புக்கு மேல பரண் இருக்குதில்ல, மாவு மூட்டை போடறது. அங்க ஒரு ஓரமா. மூணு வாரம்."

"தெரிஞ்சா ஊர்ல ஒருத்தன் ரொட்டி வாங்குவானா?"

"மாவு மூட்டைய எலி திங்கிறது தெரிஞ்சும் வாங்கிக்கினுதானே இருக்கான்."

ராஜாங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசு."

"சரி வுடு. வஞ்சிரத்துத் தல இனிமே ஒனக்கு யாரு எடுத்து வைக்கிறாங்கன்னு பாக்கறேன்."

மனிதர் பாம்புக்குப் பயப்படவில்லை, இதற்குப் பயந்தார். "கடிக்குமா?" என்றார்.

"இருமும். அவ்ளோதான்."

மறுநாள் வியாழக்கிழமை. நடுப்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கடையடைத்துத் தூங்குவது துரைகள் கற்றுக்கொடுத்த பழக்கம். துரைகள் போனாலும் தூக்கம் போகவில்லை. தெருவில் நாய்கூடப் படுத்திருந்த அந்த நேரத்தில் மண்ணாங்கட்டி சைக்கிளைத் தள்ளினார். பின்னால் ராஜாங்கம் கொடுத்த நீட்டு ரொட்டிக் கூடை, அதற்குள் கோணித்துணி சுற்றிய ஏழடி முசே, மேலே ஒப்புக்கு நாலு ரொட்டி. அங்கம்மாள் பக்கத்தில் நடந்தார். எல்லாம் சரியாகத்தான் போயிற்று, தெருமுனையில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் தூங்காமல் நிற்கும்வரை.

"மீன்காரம்மா, எப்போருந்து ரொட்டி யாவாரம்?" என்று கூடைத் துணிக்குள் கையை விட்டு அழுத்தினார். "என்னாம்மா இவ்ளோ ஜில்லுனு இருக்குது!"

"நேத்து ரொட்டிங்க. கோழிக்குப் போடறது."

'டிக்' என்றது கூடை.

போலீஸ்காரர் குனிந்தார். மண்ணாங்கட்டி, அந்த வாரத்திலேயே முதல் தடவையாக, தானாகவே பேசினார்: "சைக்கிள் செயின்." இன்னொரு 'டிக்' வருவதற்குள் சைக்கிள் மூலை திரும்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை இல்லை என்று சொன்னால் பாவாடை ஊரைக் கூட்டித் தேடுவார். தேடினால் பாலோடு ரொட்டிக்கடைக்கே வந்துவிடுவார்கள். அங்கம்மாள் கணவரின் கட்டுமரத்து நங்கூரக் கயிற்றைச் சுருட்டிப் பெட்டி மூலையில் வைத்தார், மஞ்சள் துணி போர்த்தினார், மேலே அரைக்கூடை சாமந்தி. ஒரு முனையைப் பெட்டியின் பின்பக்கத்து ஓட்டை வழியாக வெளியே எடுத்து, பின்னால் படுத்திருந்த மண்ணாங்கட்டியின் கால் கட்டைவிரலில் கட்டினார். பாவாடையிடம் ஒரு நிபந்தனை போட்டார்: "பாலெல்லாம் வெளிய இருக்கிற அண்டாவுல. பெட்டிக்குள்ள ஒரு சொட்டு வுழுந்தாலும் மாப்ள மொறைக்கிறாரு, நேத்தே பாத்தேன்." மதாமாவது நனையாமல் தப்பட்டும் என்று அவருக்கு எண்ணம்.

கூட்டம் தெருவை அடைத்தது. மேளம் முழங்கியது. பாவாடை மஞ்சள் கயிற்றை உயர்த்திக் காட்டியதும் மண்ணாங்கட்டி கட்டைவிரலை அசைத்தார். மஞ்சள் துணி நெளிந்தது. "அசையறாரு! அசையறாரு!" என்று ஒரே கூச்சல். கயிற்றைப் பாம்பென்று எண்ணி மயங்குவதைப் பெரியவர்கள் தத்துவமாகச் சொல்லியிருக்கிறார்கள். குருசுக்குப்பத்தில் அதற்கு மேளமே வைத்தார்கள். கற்பூரப் புகை பெட்டிக்குப் பின்னால் புகுந்தது. மண்ணாங்கட்டி அடக்கிப் பார்த்தார், முடியாமல் இருமினார். மேளம் நின்றது.

"இருமறாரு!" என்றார் பாவாடை, கண்ணில் நீர் வழிய. "நம்ம பக்திக்கு வாயத் தொறந்து பேசறாரு!"

உண்மையான பாம்பு ஒரு மாதமாக இருமியதை ஒரு காதும் கேட்கவில்லை. கட்டுமரக்காரர் ஒரு தடவை இருமினார், ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. பெட்டிக்குள் மதாம் தன் புது மாப்பிள்ளையை நாக்கால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மறுபக்கம் போய்ப் படுத்துக்கொண்டார். அங்கே ஏமாறாதவர் அவர் ஒருவர்தான்.

பரணில் கதை வேறு. அங்கம்மாள் தினமும் மார்க்கெட்டிலிருந்து நேரே ஏணி ஏறினார். முசேவை ஏணியில் தலைகீழாகச் சரித்துப் பிடித்தால் நூல்நூலாகச் சளி இறங்கியது. உப்புத் தண்ணீரில் துணி நனைத்துப் பிழிந்து வாயைத் துடைத்தார், மறுபடி காயவைத்தார். ஐந்தாம் நாள் முசே வாயைத் திறந்தே மூச்சுவிட்டார். ராஜாங்கம் கீழேயிருந்து, "அக்கா, போய்ச் சேந்துட்டா எனக்கு மொதல்ல சொல்லிடு" என்றார். "ஒன் மாவு புளிச்சுப்போச்சான்னு நீ பாரு. இத நான் பாத்துக்கறேன்" என்றார் அங்கம்மாள். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மறுநாள் அவர் மீன்கடையில் யாருக்கும் செவுளைத் திறந்து காட்டவில்லை என்று பக்கத்துக் கூடைக்காரிகள் சொன்னார்கள்.

பத்தாம் நாள் 'டிக்' குறைந்தது. பதினான்காம் நாள் மூக்கு காய்ந்திருந்தது. பதினெட்டாம் நாள் முசே தலையைக் கீழே வைத்துத் தூங்கினார். வாயைத் திறந்து பார்த்தார் அங்கம்மாள்: சிவப்பு ஓரத்தில் மட்டும் பாக்கி. இருந்தாலும் நம்பவில்லை. "தின்னட்டும். தின்னாத்தான் ஒத்துக்குவேன்."

"நீதானக்கா பங்குனி வரைக்கும் தின்னாதுன்னு சொன்ன?" என்றார் ராஜாங்கம்.

"அந்தச் சட்டந்தான் என்னக் கெடுத்துச்சி. எடுத்துட்டேன்."

இருபத்து மூன்றாம் நாள், பிற்பகல் ரொட்டி அடுப்பில் ஏறிய நேரம். ராஜாங்கத்தின் பொறியில் ஒரு பெரிய எலி விழுந்திருந்தது. அதை அடித்து, வாலைப் பிடித்து அங்கம்மாள் முசேவின் முன்னால் ஆட்டினார். ஒன்றும் இல்லை. மறுபடி ஆட்டினார். நாக்கு வந்தது. பாதியில் நிற்கவில்லை. மறுபடி வந்தது, எலியின் மூக்கைத் தொட்டது. அடுப்படியிலிருந்த ராஜாங்கம் ஏணியில் பாதி ஏறினார், மாவு பிசைகிற இரண்டு பேரும் அவருக்குப் பின்னால்.

அந்த நேரத்தில்தான் பாவாடை ரொட்டி வாங்க வந்தார். கடையில் ஆளில்லை. மேலே பேச்சுச் சத்தம். நிமிர்ந்து பார்த்தார், முசேவைப் பார்த்தார்.

"அக்கா! மாப்ள இங்க இருக்காரு! அப்போ நான் கண்ணாலம் பண்ணி வச்சது?"

"நங்கூரக் கயிறு. இருமுனது என் வூட்டுக்காரரு. வாய மூடு, திங்கப்போவுது!"

பாவாடை வாயை மூடவில்லை. திறந்தபடியே ஏணியில் நாலாவது ஆளாக ஏறினார். முசே பின்னுக்கு வளைந்தார். சாட்டை சொடுக்கியதுபோல் பாய்ந்தார். எலி சுருளுக்குள் போயிற்று. தாடை விரிந்தது, தலை உள்ளே போயிற்று, தோள் போயிற்று.

"போவுது, போவுது!" என்று கத்தினார் ராஜாங்கம்.

"தள்ளாத, ஏணி ஆடுது!"

"வாலு! வாலு மட்டும் பாக்கி!"

"அவசரப்படுத்தாதீங்கடா, விக்கிக்கப் போறாரு" என்றார் பாவாடை. பக்தி அவருக்கு அடியோடு போய்விடவில்லை.

அங்கம்மாள் மட்டும் கத்தவில்லை. எலி இறங்கி முடிந்ததும் தாடை ஓரத்தை இரண்டு விரலால் அழுத்தி ஒரு தரம் திறந்தார். உள்ளே தோலுரித்த கோழிபோல வெளுப்பு.

"பாரு!" என்று அந்த வாயை ஏணியிலிருந்த நாலு முகத்துக்கும் நேரே திருப்பினார். "பாரு, நல்லாப் பாரு! பஞ்சு மாரி இல்ல?"

நாலு பேரும் ஆமாம் என்றார்கள். ஏதோ கருகுகிற வாடை அடித்தது. ராஜாங்கம் அய்யோ என்று ஏணியிலிருந்து குதிப்பதற்குள் அடுப்பில் இருந்த அத்தனை ரொட்டியும் கரியாகியிருந்தது.